‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன?

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் என்ற நிரல்மொழியைக் கேட்டால் 5 என்கிறது. கோ மொழியைக் கேட்டால் 15. ஸ்விஃப்டில் 3. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் த, மி, ழ் என்று விரல் மடக்கி மூன்று என்று சொல்லும். இதில் யாருடைய விடையும் தப்பில்லை. கேள்விதான் அரைகுறை. எதை எண்ணச் சொல்கிறோம் என்பதை நாம் சொல்லவே இல்லை.

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்தே பழகுவதால் இந்தச் சந்தேகம் வருவதற்கு வழியே இல்லை. அங்கே ஓர் எழுத்துக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு) என்று கணக்கு நேராக முடிந்துவிடும். தமிழில் பைட் வேறு, எண் வேறு, நாம் கண்ணால் பார்க்கும் எழுத்து வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தமிழைக் கையாளும் செயலிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிடும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைச் சிறு வயதிலேயே படித்த நமக்கு இது கடினமான பாடம் அல்ல.

எழுத்துக்கு எண்

கணினிக்கு எழுத்து என்று ஒன்று தெரியாது. அது சேமிப்பதெல்லாம் எண்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். 1963இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி அப்படி ஓர் ஒப்பந்தம். மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய ஏ எழுத்துக்கு 65, பின்னர் சேர்ந்த சின்ன ஏ எழுத்துக்கு 97 என்று அதில் நின்ற எண்கள் இன்றுவரை மாறவில்லை.

ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். ஆஸ்கி பாதியை எடுத்துக்கொண்டது போக மீதி 128 இடங்களை ஒவ்வொரு மொழிக்காரரும் தத்தம் தேவைக்கு நிரப்பிக்கொண்டார்கள். தமிழில் அதை நிரப்பியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. இணையத்தில் டிஸ்கி என்ற முறை பரவியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளை அறிவித்தது. இவை போக, எழுத்துரு செய்தவர்கள் பலர் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில விசைகளை வரிசையாகத் தட்டி, கடைசியில் புள்ளிக்காக அரைப்புள்ளி விசையைத் தட்ட வேண்டும். திரையில் தமிழ் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘த’வின் படத்தை வரைந்து வைத்திருந்தது எழுத்துரு, அவ்வளவே. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் படம் கலைந்து உள்ளே இருப்பது அப்படியே தெரிந்துவிடும். அதைத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, வேறு எழுத்துருவுக்கு மாற்ற முடியாது. இப்படிச் சேமித்த எத்தனையோ பழைய கோப்புகள் இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இதற்கு முடிவு கட்டியது யூனிகோட். உலகத்தின் எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தனி எண். இந்த எண்ணைத்தான் கோட் பாயின்ட் என்கிறார்கள். 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, 128 எண்கள். ‘க’ 2965, ‘ம’ 2990, ‘ழ’ 2996.

நம் எழுத்துகளோ 247. அவை எப்படி 128 இடத்துக்குள் அடங்கும்? யூனிகோட் 247 எழுத்துகளுக்கும் எண் தரவில்லை. உயிர் பன்னிரண்டு, ஆய்தம், அகரம் ஏறிய உயிர்மெய் பதினெட்டு, சில கிரந்த எழுத்துகள், கால், கொம்பு, விசிறி போன்ற துணைக்குறிகள், புள்ளி. இவற்றுக்குத்தான் எண். மீதி எல்லாவற்றையும் இவற்றைச் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ‘மி’ வேண்டுமென்றால் ‘ம’வையும் (2990) அதன்பின் இகரக் குறியையும் (3007) வரிசையாக வைக்க வேண்டும்.

இந்தத் தளவமைப்பு இந்திய அரசின் இஸ்கி முறையின் 1988 வடிவத்திலிருந்து வந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றையும் தேவநாகரி வரிசையில் பொருத்தியதால் தமிழ்ப் பகுதியில் ஆங்காங்கே காலி இடங்கள் இருக்கும். ‘க’ 2965 என்றால் ‘ங’ 2969. நடுவில் உள்ள மூன்று எண்கள் மற்ற மொழிகளின் மூன்று ககரங்களுக்கானவை. இன்னொன்று, நம் இலக்கணப்படி க் என்ற மெய்யுடன் அ சேர்ந்து ‘க’ ஆகிறது. யூனிகோடில் ‘க’தான் அடிப்படை, அதன் மேல் புள்ளி வைத்தால் ‘க்’. இந்தத் தலைகீழ் ஏற்பாடு தமிழறிந்த பலருக்கு உறுத்தலாகவே இருந்துவந்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற முறையும் உருவானது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோது டேஸ்-16 முறையையும் சேர்த்தே ஏற்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் யூனிகோடில் ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது உறுதியான விதி. கைபேசி முதல் தேடுபொறி வரை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்வதுதான் நமக்குப் பயன் என்பது என் கருத்து.

இப்போது பைத்தான் சொன்ன 5 விளங்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கோட் பாயின்ட்டுகளை எண்ணினால் ஐந்து.

எண்ணிலிருந்து பைட்டுக்கு

2965 என்ற எண் ஒரு பைட்டுக்குள் அடங்காது. ஆக, பெரிய எண்களைப் பைட்டுகளாக எழுதி வைக்க ஒரு முறை வேண்டும். இன்று இணையத்தில் பெரும்பாலும் எல்லோரும் பயன்படுத்துவது யுடிஎஃப்-8. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், மேசை விரிப்புத் தாளில் இதை வடிவமைத்தார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு பைட் போதும், பழைய ஆஸ்கி கோப்புகள் ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே செல்லும். மற்ற எழுத்துகளுக்கு இரண்டு, மூன்று, நான்கு பைட்டுகள். முதல் பைட்டைப் பார்த்தாலே பின்னால் எத்தனை வருகின்றன என்று தெரிந்துவிடும். கணினித் துறையில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்புகளில் இது ஒன்று.

2944 முதல் 3071 வரையிலான தமிழ்ப் பகுதியில் ஒவ்வொரு கோட் பாயின்ட்டுக்கும் மூன்று பைட். ‘க’ என்பது 224, 174, 149. ஐந்து கோட் பாயின்ட்டுக்குப் பதினைந்து பைட். கோ மொழி எண்ணியது இதைத்தான்.

இந்தப் பகுதியில் எந்த எழுத்தை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது பைட் 174 அல்லது 175. இதைத் தெரிந்துவைத்திருந்தால் ஒரு பழைய மர்மம் விலகும். தமிழ் வர வேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள வணிகக்குறி, பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடி அதே சாய்கோட்டு ஏ என்று வரி வரியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஐரோப்பியக் குறியீட்டு முறையில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ஏ, 174 என்பது அந்த வணிகக்குறி. கோப்பில் தமிழ் பத்திரமாகவே இருக்கிறது. படிக்கும் மென்பொருள்தான் அதை வேறு முறையில் படிக்கிறது. அந்த நேரத்தில் கோப்பைத் திருத்திச் சேமித்துவிடக் கூடாது. சேமித்தால் அந்தக் குப்பையே உண்மையான எழுத்தாகப் பதிவாகிவிடும். யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் திரும்ப வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்து

மூன்றாவது அடுக்குதான் படிப்பவருக்கு எழுத்து. ‘மி’ நம் கண்ணுக்கு ஒன்று. இப்படி ஒன்றாகக் கருத வேண்டிய கோட் பாயின்ட்டுகளின் கூட்டத்தை கிராஃபீம் கிளஸ்டர் என்கிறார்கள். எதை எங்கே பிரிக்கலாம் என்பதற்கான விதிகளை யூனிகோடே வெளியிட்டிருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே இந்த விதிப்படி எண்ணுகிறது, அதனால்தான் 3. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு ‘இன்ட்ல் செக்மென்டர்’ இருக்கிறது. பைத்தானில் ‘ரீஜெக்ஸ்’ என்ற வெளித்தொகுப்பைக் கொண்டு செய்யலாம். இந்த விதிகளும் முழுமையானவை அல்ல. ‘க்ஷ’ நமக்கு ஓர் எழுத்து, விதிப்படி அது ‘க்’, ‘ஷ’ என்று இரண்டு.

இந்த அடுக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. படம் போடாத பயனருக்கு ஒரு வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்தைக் காட்டும் செயலிகள் ஏராளம். மீனாட்சிக்கு ‘ம’, கோமதிக்கு ‘க’, சுரேஷுக்கு ‘ச’ என்று காட்டும். சரத்தின் (நிரலில் எழுத்துகளின் தொடருக்குச் சரம் என்று பெயர்) முதல் கோட் பாயின்ட்டை எடுத்து வைத்துவிட்டார்கள். எந்தத் தமிழரும் மீனாட்சியின் முதலெழுத்தை ‘ம’ என்று சொல்லமாட்டார். ‘மீ’ என்றுதான் சொல்வார்.

வெட்டுவதும் அப்படித்தான். ‘வீடு’ என்பதைக் கோட் பாயின்ட் கணக்கில் ஒன்று முன்னால் வெட்டினால் ‘வீட’ என்று நிற்கும். பைட் கணக்கில் வெட்டினால் நிலைமை இன்னும் மோசம். மூன்று பைட்டில் இரண்டு மட்டும் மிஞ்சி, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும். சரத்தைத் தலைகீழாக்கும் பயிற்சியை ‘தமிழ்’ மீது செய்து பாருங்கள். புள்ளி முன்னால் அநாதையாக நிற்கும், இகரக் குறி ‘ம’வை விட்டு ‘ழ’வுக்குத் தாவி ‘ழி’ ஆகிவிடும்.

குறுஞ்செய்தியில் இதே கணக்கு வேறு விதமாக வரும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் போகும். ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் பதினாறு பிட் முறைக்கு மாறி, 70 கோட் பாயின்ட்டுகளோடு இடம் தீர்ந்துவிடும். ‘வணக்கம்’ என்பதில் எழுத்து ஐந்து, ஆனால் எடுப்பது ஏழு இடம். எழுபது இடம் நாற்பது, ஐம்பது எழுத்திலேயே நிறைந்துவிடும்.

பெயர்ப் பெட்டியில் எழுத்துகள் மட்டும்தான் வரலாம் என்று சோதனை வைப்பது இன்னொரு வழக்கம். பைத்தானில் அதற்கு ‘இஸ்ஆல்ஃபா’ என்ற செயல்கூறு இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சரத்தை அதனிடம் கொடுத்தால் பொய் என்று விடை வரும். யூனிகோடின் வகைப்பாட்டில் த, ம, ழ எழுத்துகள். இகரக் குறியும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, குறிகள். ஒரு பயனர் தன் பெயரைத் தன் மொழியில் சரியாகவே எழுதி, ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று திட்டு வாங்குவது இதனால்தான். இது சின்னப் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. சோதனை வைப்பதாக இருந்தால் எழுத்தோடு குறிகளையும் அனுமதியுங்கள். பெயருக்குச் சோதனையே வைக்காமல் விடுவது அதைவிட நல்லது.

அகரவரிசையும் எண்ணை நம்பினால் கெடும். யூனிகோடில் ‘ந’ 2984, ‘ன’ 2985. நம் வரிசையில் ‘ன’ கடைசி. எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் ‘மனம்’ முன்னால் வந்து ‘மயில்’ பின்னால் போகும். எந்தத் தமிழ் அகராதியிலும் மயில்தான் முன்னால். மொழிக்கேற்ற வரிசை விதிகள் ஐசியூ போன்ற நூலகங்களில் தயாராக இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஒன்றுபோல் தெரியும், ஒன்றல்ல

இதுவரை சொன்ன கோளாறுகள் கண்ணில் படும். இனி வருவது படாது, அதனாலேயே நான் இதை அதிகம் பொருட்படுத்துகிறேன்.

‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ஒகரக் குறியை (3018) ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது ‘க’, ஒற்றைக் கொம்பு (3014), கால் (3006) என்று மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டும் சமமா என்று நிரலைக் கேட்டால் இல்லை என்னும். ஒரு விசைப்பலகை முதல் விதமாக எழுதுகிறது, இன்னொன்று இரண்டாவது விதமாக எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கொடி’ என்று தேடுகிறவருக்கு, கண்முன்னே இருக்கும் ‘கொடி’ கிடைக்காது. கடவுச்சொல்லில் ‘கொ’ இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். கணினியில் வைத்த கடவுச்சொல்லைக் கைபேசியில் எழுத்துப் பிசகாமல் தட்டினாலும் தவறு என்றே பதில் வரும். தட்டியவருக்கு ஏன் என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

இதற்கு மருந்து நார்மலைசேஷன். ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. என்எஃப்சி என்ற வடிவம் கொம்பையும் காலையும் சேர்த்து 3018 ஆக்கிவிடும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதற்கு ஒரு வரி போதும். பயனர் எழுதியது உள்ளே நுழையும் இடத்திலேயே, சேமிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் முன்னால், இதைச் செய்துவிட வேண்டும். தேடும் சொல்லுக்கும் இதையே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

ஔகாரத்தில் மட்டும் இந்த மருந்து முழுதாக வேலை செய்யாது. ‘கௌ’ என்பதற்கு முறையான குறி 3020. பலர் ‘கெ’ எழுதிப் பக்கத்தில் ‘ள’ எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கௌரி’ என்ற பெயர் ஒரு பட்டியலில் இரண்டு முறை வருவதற்கு இது ஒரு காரணம். யூனிகோடைப் பொறுத்தவரை இது மாற்று வடிவம் அல்ல, வேறு எழுத்துகள். ஆகவே நார்மலைசேஷன் தொடாது. சரி, கொம்புக்குப் பின் ‘ள’ வரும் இடங்களை எல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமா? மாற்றினால் ‘தெளிவு’, ‘வெள்ளி’ எல்லாம் சிதையும். சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஒரு சொற்பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

‘ஸ்ரீ’யிலும் இதே கதை. முதலில் ‘ஸ’வை வைத்து எழுதினார்கள். 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்ந்தபோது அதை வைத்து எழுதும் ‘ஶ்ரீ’யும் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். பெயர்களிலும் ஊர்களிலும் இந்த எழுத்து நிறைய வருவதால், தேடல் வசதி எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி தாங்களே ஒரு விதி எழுதிக்கொள்வது நல்லது.

கையில் வைத்திருக்க வேண்டிய சோதனைச் சொற்கள்

எழுத்தைத் தொடும் எந்த நிரலை எழுதினாலும் நான் சில சொற்களை உள்ளே விட்டுப் பார்ப்பேன். இரண்டு விதமாக எழுதிய ‘கொடி’, சரியாகவும் ‘ள’ போட்டும் எழுதிய ‘கௌரி’, ‘மீனாட்சி’, ‘பக்ஷி’, ‘ஸ்ரீ’. ஐந்து சொற்களில் வெட்டுவது, ஒப்பிடுவது, எண்ணுவது ஆகிய மூன்றும் சரியாக நடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆறாவதாக முந்திரியின் குறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் பழைய தமிழ்ப் பின்னம் அது. 2019இல் யூனிகோட் 12 பதிப்பில் இப்படிப்பட்ட பழைய பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் தனிப் பகுதி கிடைத்தது. அங்கே முந்திரியின் எண் 73664. ஜாவாஸ்கிரிப்ட் பதினாறு பிட் துண்டுகளை எண்ணுகிறது. 65535ஐத் தாண்டிய எண்ணுக்கு இரண்டு துண்டு வேண்டும் என்பதால் அதில் இந்த ஒற்றைக் குறியின் நீளம் 2. யுடிஎஃப்-8 முறையில் நான்கு பைட். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் பழைய ‘யுடிஎஃப்8’ என்ற அமைப்பு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. அதனால் தமிழ் உரை பல ஆண்டு நன்றாகச் சேமிக்கப்பட்டுவந்த அட்டவணையிலும் முந்திரி நுழையாது. எமோஜி நுழையாததற்கும் இதே காரணம்தான். அந்த அட்டவணையை ‘யுடிஎஃப்8எம்பி4’ அமைப்புக்கு மாற்றினால் இரண்டும் உள்ளே போகும். 8.0 பதிப்பிலிருந்து புதிதாக உருவாக்கும் அட்டவணைகளுக்கு அதுவே இயல்பான அமைப்பு. பழையவற்றை நாம்தான் மாற்ற வேண்டும்.